கொமிக்ஸ் அட்டையில் இருக்கும் வயதுக் குறியை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிகசாலையில் சித்திரக்கதைகளுக்கென்று தனி அலுமாரி ஒன்று உண்டு. அதற்குப் பொறுப்பு நான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்டவையும் சில இருக்கின்றன.

அந்தக் குறியைப் போடுவது யார்? ஏதாவது அரச சபையா?

இல்லை. புத்தகத்தை வெளியிடும் பதிப்பகமே போடுகிறது. அமெரிக்காவில் படங்களுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் அந்தந்தத் துறைக்குப் பொதுவான தர வரிசை இருக்கிறது. கொமிக்ஸுக்கு இன்று அப்படிப் பொதுவான ஒன்று இல்லை. அங்கேயுள்ள மார்வெல் பதிப்பகம் தன் புத்தகத்துக்குத் தானே குறி போடும், டிசி தன் புத்தகத்துக்குத் தானே போடும், ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவை ஆங்கிலத்தில் கொண்டுவரும் விஸ் நிறுவனமும் அப்படித்தான். விற்கிறவரே தரமும் சொல்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அட்டையைப் பார்க்க வேண்டும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் யாரை நினைத்து அந்தக் குறியைப் போட்டார்களோ, அந்த வாசகர் கொழும்பில் இருக்கும் உங்கள் பிள்ளை இல்லை.

'டி பிளஸ்' என்று போட்டிருக்கிறது. அது எத்தனை வயது?

எந்தப் பதிப்பகம் என்று முதலில் பாருங்கள். மார்வெல் புத்தகத்தில் ஆங்கில 'டி' எழுத்தும் பக்கத்தில் கூட்டல் குறியும் இருந்தால் 13 வயதுக்கு மேல் என்று அர்த்தம். டிசி 2011இல் தொடங்கிச் சில ஆண்டுகள் இதே குறியைப் போட்டபோது அது 15 வயதைக் குறித்தது. விஸ் வெளியிடும் மங்காவில் அதே குறி 16 வயது. எங்கள் கணக்கில் சொன்னால், முதலாவது தரம் 8 பிள்ளை, இரண்டாவது தரம் 10 பிள்ளை, மூன்றாவது சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை. ஒரே அலுமாரித் தட்டில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

டிசி பிறகு இதை மாற்றிக்கொண்டது. 2020இலிருந்து 8 முதல் 12 வரை, 13க்கு மேல், 17க்கு மேல் என்று மூன்று பிரிவாக எண்ணிலேயே சொல்கிறது. எண் இருந்தால் குழப்பம் குறைவு. ஆனால் மருதானை நடைபாதைக் கடைகளிலும் எங்கள் அலுமாரியிலும் இருப்பவை பெரும்பாலும் பழைய பிரதிகள்தான்.

எங்கள் புத்தகத்தில் குறியையே காணவில்லையே?

பின்னட்டையில், கோட்டுக் குறியீட்டுக்கு (பார்கோட்) அருகில் தேடுங்கள். அந்த இடத்தில்தான் கடைக்காரர் ரூபாய் விலைச் சீட்டையும் ஒட்டுவார். ஓரத்தை மெல்ல நகத்தால் கிளப்பிப் பார்த்தால் அடியில் குறி இருக்கும். வாசிகசாலைக்கு வரும் மங்காத் தொகுதிகளில் இதுதான் எனக்கு முதல் வேலை.

சில புத்தகங்களில் உண்மையிலேயே இருக்காது. டின்டின், ஆஸ்டெரிக்ஸ் போன்ற பழைய ஐரோப்பியக் கதைகள் இந்த முறையெல்லாம் வருவதற்கு முன்பே வந்தவை.

சரி, குறியும் உள்ளே இருப்பதும் பொருந்துகின்றனவா?

பாதிதான் பொருந்துகின்றன. எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயங்களில் குறியை ஓரளவு நம்பலாம். இரத்தம் எவ்வளவு, உடை எவ்வளவு குறைவு, கெட்ட வார்த்தை எத்தனை, போதைப்பொருள் உண்டா இல்லையா என்பவை அந்த வகை. பெரிய பதிப்பகங்கள் இவற்றில் கவனமாகத்தான் இருக்கின்றன.

எண்ண முடியாதவற்றில்தான் குறி கைவிட்டுவிடுகிறது. ஒரு பிள்ளையை எல்லோரும் சேர்ந்து ஒதுக்குவது, தகப்பன் பிள்ளையை வெறுப்பது, நல்லவன் என்று நம்பிய ஒருவன் காட்டிக்கொடுப்பது, செத்துப்போன அம்மாவின் குரல் கனவில் கேட்பது இவற்றில் ஒரு துளி இரத்தமும் இல்லை. பிள்ளையின் நித்திரையைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான்.

'நருட்டோ' மங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். விஸ் அதற்கு 'டி' போட்டிருக்கிறது, அதாவது 13 வயதை ஒட்டி. நாலாவது தொகுதியில் ஹாக்கு என்ற பையன், தன்னை வெறும் ஆயுதமாக வைத்திருந்த எஜமானுக்காகக் குறுக்கே பாய்ந்து உயிரை விடுகிறான். அந்தப் பக்கங்களில் சண்டைக் காயத்துக்கு மேல் கொடூரமாக ஒன்றும் இல்லை. ஆனால் தரம் 6இல் படிக்கும் ஒரு பையன் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது என்னிடம் கேட்டது, "அவர் ஹாக்குவில அன்பு வச்சிருந்தவரா, இல்லையா?" என்றுதான். சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் அவன் பேசவில்லை. 13 என்ற குறி இங்கே சரி என்றே நினைக்கிறேன். பதிப்பகம் சண்டையைப் பார்த்துப் போட்ட குறி அது. அதைச் சரி என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தப் பையன் கேட்ட கேள்வி.

அப்படியென்றால் சில புத்தகங்களுக்குக் குறி தேவைக்கு மேல் கடுமையாகவும் இருக்குமா?

இருக்கும். இதைப் பெற்றோர் அதிகம் யோசிப்பதில்லை. ஒரு கெட்ட வார்த்தையாலோ ஒரு படத்தாலோ நல்ல புத்தகம் மேல் தட்டுக்குப் போய்விடுகிறது.

இதற்கு எனக்கு முதலில் நினைவு வருவது 'பேர்ஃபுட் ஜென்'. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு ஆறு வயது. தான் கண்டதை வைத்து அவர் வரைந்த கதை இது. 1973இல் தொடராக வரத் தொடங்கியது 'ஷோனென் ஜம்ப்' என்ற பையன்களுக்கான வாரப் பத்திரிகையில். அதாவது பிள்ளைகளுக்காகவே, பிள்ளைகளின் பத்திரிகையில். பல ஆண்டுகள் கழித்து, 2012இல், ஜப்பானின் மட்சுயே நகரக் கல்வி அலுவலகம் இதைப் பாடசாலை நூலகங்களில் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உள்ளறைக்குள் வைக்கச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பி 2013இல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். புத்தகம் மாறவில்லை. பார்த்த பெரியவர்கள் மாறினார்கள்.

முதல் தொகுதியின் கடைசிப் பகுதியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். இடிந்த வீட்டின் அடியில் தகப்பனும் அக்காவும் தம்பியும் அகப்பட்டிருக்கிறார்கள். ஜென் ஒரு மரச் சட்டத்தைத் தூக்கப் பார்க்கிறான், அது அசைவதாயில்லை. தீ நெருங்கி வருகிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடச் சொல்கிறார் தகப்பன். நகசாவாவின் கோடுகள் தடிப்பானவை, முகங்கள் சின்னப்பிள்ளைக் கதைகளில் வரும் உருண்டை முகங்கள். அதனால்தான் அந்தப் பக்கம் அவ்வளவு கனக்கிறது. இதற்கு எந்த எண்ணைப் போடுவது? பத்து வயதுப் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்க மாட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து வாசிப்பதானால் தயங்காமல் கொடுப்பேன். அந்த "பக்கத்தில் இருந்து" என்பதை எந்த அட்டைக் குறியும் சொல்லாது.

அமெரிக்காவிலும் இது நடக்கிறது. யூத இனப்படுகொலையைச் சொல்லி 1992இல் புலிட்சர் பரிசு பெற்ற 'மவுஸ்' என்ற நூலை, 2022 ஜனவரியில் டெனசி மாநிலத்தில் ஒரு மாவட்டப் பாடசாலைச் சபை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து நீக்கியது. சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாகச் சொல்லப்பட்டன.

முன்பு ஒரே முத்திரை இருந்ததாமே? அது நல்ல முறை இல்லையா?

இருந்தது. 1954இல் கொமிக்ஸால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அமெரிக்கச் செனட் உபகுழு விசாரணை நடத்தியது. மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் அதே ஆண்டில் எழுதிய புத்தகமும் பெரிய பரபரப்பைக் கிளப்பியது. அரசு தலையிடுவதற்கு முன் தாங்களே முந்திக்கொள்வோம் என்று பதிப்பகங்கள் சேர்ந்து 'கொமிக்ஸ் கோட்' முத்திரையைக் கொண்டுவந்தன. அதில் வயதுப் பிரிவே கிடையாது. ஒரு கதை எல்லோருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முத்திரை இல்லை. முத்திரை இல்லாத புத்தகத்தை விநியோகிக்க ஆள் கிடைக்காது.

அந்த முறை எதைக் காப்பாற்றியது என்பதற்கு ஒரு கதை. இ.சி. என்ற பதிப்பகம் 1956இல் 'ஜட்ஜ்மென்ட் டே' என்ற தன் பழைய கதையை மறுபடி அச்சிடப் போனது. ஒரு விண்வெளி வீரர் ரோபோக்களின் உலகத்துக்குப் போகிறார். அங்கே செம்மஞ்சள் ரோபோக்களுக்கு ஒரு நீதி, நீல ரோபோக்களுக்கு ஒரு நீதி. நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்புகிறார். கடைசிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பினத்தவர். அந்த ஒரு முகத்தை மாற்றச் சொன்னார் முத்திரை அதிகாரி. பதிப்பாளர் மறுத்துச் சண்டை பிடித்து அப்படியே வெளியிட்டார். பிள்ளைகளைக் காக்கிறோம் என்று தொடங்கிய வேலை எங்கே போய் நின்றது பாருங்கள். யாராவது ஒரே முத்திரை வேண்டும் என்று சொல்லும்போதெல்லாம் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

மார்வெல் 2001இலும் டிசி 2011இலும் அந்த முறையை விட்டு விலகின. அதோடு அது முடிந்தது.

பேட்மேன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே? மகனின் பிறந்தநாளுக்கு வாங்கலாமா?

எந்த பேட்மேன் என்று பார்த்து வாங்குங்கள். எட்டு வயதுக்கு எழுதியதும் உண்டு, 17 வயதுக்கு மேல் என்று டிசி தன் 'பிளாக் லேபிள்' வரிசையில் 2018இலிருந்து வெளியிடுவதும் உண்டு. இரண்டு அட்டையிலும் அதே முகமூடி, அதே வௌவால். கடையில் இரண்டும் ஒரே தட்டில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். கறுப்புப் பட்டை போட்ட தடித்த அட்டை, பெரிய அளவு, கூடிய விலை என்றால் பெரும்பாலும் பெரியவர்களுக்கு. இந்தப் பிழை லண்டன் மாமாவோ கனடாச் சித்தியோ பொதியில் போட்டு அனுப்பும் புத்தகங்களில்தான் அதிகம் நடக்கும், ஏனென்றால் அன்பளிப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஒரே கதைக்கு நாட்டுக்கு நாடு வேறு வயது சொல்கிறார்களே?

ஆமாம். 'டீமன் ஸ்லேயர்' மங்காவிலிருந்து 2020இல் வந்த 'மூகன் ட்ரெயின்' படத்தை ஜப்பானில் 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் வழிகாட்டல் வேண்டும் என்ற அளவில் விட்டார்கள். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். அமெரிக்காவில் அதே படத்துக்கு 'ஆர்' கிடைத்தது, 17க்குக் கீழ் என்றால் பெரியவர் கூட வர வேண்டும். வாளும் இரத்தமும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இன்னொன்று, மங்காவில் 'ஷோனென்' (பையன்) என்று போட்டிருப்பதைப் பலர் வயதுக் குறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது முதலில் எந்தப் பத்திரிகையில் வந்தது, யாரை வாசகராக நினைத்தது என்பதை மட்டும் காட்டும். எது ஏற்றது என்று அது சொல்லாது.

நாங்கள் சின்ன வயதில் இரும்புக்கை மாயாவி படித்தோம். அதில் எந்தக் குறியும் இருக்கவில்லை. கெட்டா போனோம்?

இதை அப்பாக்கள்தான் கேட்பார்கள், அதுவும் அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு. நல்ல கேள்வி. 1972இல் சிவகாசியில் முத்து கொமிக்ஸ் தொடங்கியபோது இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. அந்தக் கதையின் பிரிட்டிஷ் மூலத்தில் நாயகன் முதலில் திருடனாகத்தான் வருகிறான். 1984இல் லயன் கொமிக்ஸ் மொடஸ்டி பிளைஸியோடும், ராணி கொமிக்ஸ் ஜேம்ஸ் பொண்டோடும் வந்தன. இந்த இரண்டும் லண்டனில் பெரியவர்கள் வாசிக்கும் நாளிதழ்களில் வந்த தொடர்கள். அங்கே தகப்பன் ரயிலில் வாசித்ததை இங்கே பத்து வயதுப் பிள்ளை கோடை விடுமுறையில் வாசித்தது.

குறி இருக்கவில்லை என்றாலும் கத்தரி இருந்தது. பழைய தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றில் உடை குறைந்த இடத்தில் மையால் சட்டை போட்டிருப்பார்கள், கோடு மூலக் கோட்டோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். தமிழ் ஆசிரியரே பிள்ளைகளை நினைத்துச் செய்த வேலை அது. எனக்கு அது பிடிக்காது, ஓவியரின் கோட்டில் கை வைப்பது சரியில்லை. ஆனால் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை மதிக்கிறேன். சில ஓவியர்கள் தாங்களே மாற்றிக்கொண்டதும் உண்டு. லக்கி லூக் என்ற கௌபாய் நாயகனின் வாயில் இருந்த சிகரெட்டை 1983இல் மோரிஸ் எடுத்துவிட்டு ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

டின்டின் எல்லா வயதுக்கும் ஏற்றது என்பது சரிதானா?

டின்டின் இதழ் தன்னை '7 வயது முதல் 77 வரை' என்று சொல்லிக்கொண்டது. பெரும்பாலான கதைகளுக்கு அது பொருந்தும். கொங்கோ பற்றியது பொருந்தாது. 1931இல் முதலில் புத்தகமாக வந்த அதில் ஆபிரிக்க மக்களைக் கேலிப் பொம்மைகளாக வரைந்திருக்கிறார்கள். 2005இல் பிரிட்டனில் விற்றபோது எச்சரிக்கைப் பட்டி ஒன்றைச் சுற்றித்தான் விற்றார்கள். 2007இல் முறைப்பாடு எழுந்த பிறகு சில கடைகள் அதைப் பெரியவர் பகுதிக்கு மாற்றின. இரத்தத்தையும் உடையையும் மட்டும் எண்ணினால் அந்தப் புத்தகம் சிறுவர் பகுதியில்தான் இருக்கும். நிறத்தை வைத்துச் சிரிக்கலாம் என்று எட்டு வயதில் கற்றுக்கொள்வது ஒரு வாள்வீச்சைவிட நீண்ட நாள் நிற்கும் என்பது என் எண்ணம்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லையா?

பொதுக் காட்சிகளுக்கு 1912இன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதன் வழியாகப் படங்கள் தணிக்கைக்குப் போகின்றன. ஆபாச வெளியீடுகளுக்கு 1927இன் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அது எது ஆபாசம் என்று பார்க்குமே தவிர, இது 13க்கு அது 16க்கு என்று பிரிக்காது. வெளிநாட்டுப் பதிப்பகம் தானாகப் போட்ட குறி இங்கே கடைக்காரரைக் கட்டாது. அவர் விற்றதற்காக அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

மகள் போனில்தான் மங்கா வாசிக்கிறாள். அங்கே?

செயலிக் கடையில் காட்டும் வயது முழுச் செயலிக்கும் சேர்த்துப் போட்டது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு கதைக்கும் அது பொருந்தாது. முறையான செயலி எதுவென்று பார்த்துப் போட்டுக் கொடுங்கள். யாரோ ஸ்கான் பண்ணி ஏற்றிய தளங்களில் அட்டையே இருக்காது, குறி எங்கே இருக்கப் போகிறது.

போர்க் கதைகளை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி மற்ற எல்லாவற்றிலும் கடினமானது. வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லிண்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' என்ற ஆங்கிலச் சித்திர நாவல் 2019இல் வந்தது. போரின் கடைசிக் காலத்தில் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போவதைச் சொல்கிறது. லண்டனில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தெரியாத ஓர் ஊரின் கதையாக வாசிக்கலாம். இங்கே அது பெரியம்மாவின் கதை. சில வீடுகளில் அதைப் பற்றி இதுவரை யாரும் வாய் திறந்ததே இல்லை. பிள்ளை ஒரு பதுங்குகுழிப் படத்தைக் காட்டி "அம்மா, நீங்களும் இப்படி இருந்தனீங்களா?" என்று கேட்டால் அம்மா என்ன செய்வார்?

அதனால் இப்படியான புத்தகங்களை நான் பிள்ளையிடம் நேரே கொடுப்பதில்லை. வீட்டுப் பெரியவரிடம் முதலில் கொடுக்கிறேன். அவர் வாசித்துவிட்டு முடிவு செய்யட்டும். ஓர் அம்மா மாதக் கணக்கில் வைத்திருந்துவிட்டு வாசிக்காமலே திருப்பித் தந்தார். அதுவும் சரி.

நீங்கள் எப்படி அடுக்குகிறீர்கள்?

அட்டைக் குறியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே முதல் பக்கத்தில் ஒரு சீட்டு வைக்கிறோம். அதில் வயது எழுதுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிறோம். "நாய் இறக்கிறது." "தகப்பன் குடித்துவிட்டு அடிக்கும் காட்சி, நடுப் பகுதியில்." "சண்டை அதிகம், சோகம் இல்லை." "பேய் வரும், ஆனால் கடைசியில் விளக்கம் உண்டு." இதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளே முடிவு எடுக்கிறார்கள். தன் வீட்டு நாய் செத்த பிறகு ஒரு பெண்பிள்ளை அந்த முதல் சீட்டைப் பார்த்துப் புத்தகத்தை மூடி வைத்தாள். கொஞ்ச நாள் போனபின் தானே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

நீண்ட தொடர் என்றால் முதல் தொகுதியை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். 'நருட்டோ' 72 தொகுதி. முதல் தொகுதியின் பையன் வேறு, கடைசித் தொகுதிகளின் போர் வேறு. இடையில் ஒன்றையும் கடைசியில் ஒன்றையும் புரட்டிப் பாருங்கள், பத்து நிமிடம் போதும். எழுத்தை வாசிக்க வேண்டாம், முகங்களைப் பாருங்கள்.

அண்ணா வாசிப்பதைத் தம்பி எடுத்து வாசிக்கிறான். ஒளித்து வைக்கவா?

வேண்டாம். ஒளித்த இடம் அவனுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். அண்ணாவிடம் பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் அலுமாரியிலும் பெரிய பிள்ளைகள்தான் சின்னவர்களுக்கு "இது உனக்கு இப்ப வேண்டாம், அந்தக் கடைசித் தொகுதி பாவம்" என்று சொல்கிறார்கள். அவர்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

மகள் ஏற்கெனவே வாசித்து முடித்துவிட்டாள். இப்போதுதான் குறியைப் பார்த்தேன். என்ன செய்ய?

புத்தகத்தைப் பறிக்காதீர்கள். எந்தப் பக்கம் மனதில் நிற்கிறது என்று கேளுங்கள். அவள் காட்டும் பக்கம் நீங்கள் பயந்த பக்கமாக இராமல் இருக்கலாம். பிறகு அந்தப் புத்தகத்தை நீங்களும் வாசியுங்கள். வாசித்துவிட்டு வந்தால் சீட்டில் என்ன எழுதலாம் என்று எனக்கும் சொல்லுங்கள்.